தெர்மாமீட்டர் காட்டாத வெப்பம்

பள்ளியில் இயற்பியல் படித்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு நினைவிருக்கும். "மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் உள்ள 1 கிலோ பனிக்கட்டியை 100 டிகிரி நீராவியாக மாற்றத் தேவையான வெப்பம் எவ்வளவு?" ஐந்து மதிப்பெண் கேள்வி. நான் பாடம் நடத்திய காலத்தில் இதை நான்கு படிகளாகப் பிரித்து எழுதச் சொல்வேன்.

முதல் படி, பனிக்கட்டியை மைனஸ் 10-லிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவருவது. பனிக்கட்டியின் தன்வெப்பம் கிலோவுக்கு டிகிரிக்கு 2.1 கிலோஜூல். ஆக 21 கிலோஜூல்.

இரண்டாம் படி, 0 டிகிரிப் பனிக்கட்டியை 0 டிகிரித் தண்ணீராக உருக்குவது: 334 கிலோஜூல்.

மூன்றாம் படி, தண்ணீரை 0-லிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்குவது: 4.19 × 100 = 419 கிலோஜூல்.

நான்காம் படி, 100 டிகிரித் தண்ணீரை 100 டிகிரி நீராவியாக்குவது: 2257 கிலோஜூல்.

மொத்தம் 3031 கிலோஜூல். மின்சார வாரியக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 0.84 யூனிட்.

இந்த நான்கில் இரண்டாம் படியிலும் நான்காம் படியிலும் வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறுவதில்லை. ஆனால் மொத்த வெப்பத்தில் 2591 கிலோஜூல், அதாவது நூற்றுக்கு 85 பங்கு, அந்த இரண்டு படிகளில்தான் போகிறது. மாணவர்கள் மறந்து விட்டுவிடுவதும் பெரும்பாலும் அதே இரண்டு படிகளைத்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1760 வரை உலகத்தின் பெரிய பெரிய அறிஞர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உருகும் நிலைக்கு வந்துவிட்ட பனிக்கட்டிக்கு இன்னும் கொஞ்சம் வெப்பம் கொடுத்தால் போதும், முழுவதும் தண்ணீராகிவிடும் என்பதே அன்றைய பொதுக் கருத்து. தெர்மாமீட்டர் ஏறினால் வெப்பம் சேர்கிறது, ஏறாவிட்டால் சேரவில்லை. அவ்வளவுதான்.

அது தவறு என்று கண்டவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக்.

கிளாஸ்கோவின் பேராசிரியர்

பிளாக் பிறந்தது 1728-இல், பிரான்ஸின் போர்தோ நகரத்தில். தந்தை ஒயின் வியாபாரி. மகன் கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் மருத்துவம் படித்தார். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் வெளியேறும் வாயுவை, நாம் இன்று கார்பன் டை ஆக்சைடு என்று சொல்வதை, காற்றிலிருந்து வேறான ஒன்று என்று நிறுவியபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. 1756-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பொருளாதார மேதை ஆடம் ஸ்மித், தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் எல்லாரும் இவருடைய நண்பர்கள்.

பிளாக்குக்குச் சந்தேகம் எழுந்தது புத்தகத்தைப் பார்த்து அல்ல, பனியைப் பார்த்து. ஸ்காட்லாந்தில் குளிர்காலம் முடிந்து வெயில் வந்த பிறகும் மலைகளில் பனி வாரக்கணக்கில் கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உருகும். உருகுவதற்கு மிகச் சிறிய வெப்பமே போதும் என்றால், காற்று 0 டிகிரியைத் தாண்டிய அன்றே மலைப்பனி முழுவதும் ஒரே வீச்சில் தண்ணீராகி, ஆறுகள் கரை புரண்டு, வழியில் இருக்கும் ஊர்களையெல்லாம் அடித்துக்கொண்டு போக வேண்டுமே? அப்படி நடப்பதில்லையே, ஏன்?

நம் இமயமலைக்கும் இதே நியாயம்தான். கங்கையும் சிந்துவும் கோடை முழுவதும் பனிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெறுகின்றன என்றால், அந்த 334 கிலோஜூல்தான் காரணம்.

இரண்டு கண்ணாடிக் குடுவைகள்

1761-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிளாக் ஒரு சோதனை செய்தார். அதில் ஆடம்பரக் கருவி எதுவும் கிடையாது. நான்கு அங்குல விட்டமுள்ள ஒரே மாதிரியான இரண்டு மெல்லிய கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றிலும் 5 அவுன்ஸ் தண்ணீர். ஒன்றில் இருந்த தண்ணீரை உறைய வைத்தார். மற்றதை உறையாமல் 33 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குளிர வைத்தார். (ஃபாரன்ஹீட் கணக்கில் தண்ணீர் உறைவது 32, கொதிப்பது 212.) இரண்டையும் 47 டிகிரி இருந்த ஒரு பெரிய காலிக் கூடத்தில் தொங்கவிட்டார்.

தண்ணீர் இருந்த குடுவை அரை மணி நேரத்தில் 33-லிருந்து 40 டிகிரிக்கு வந்துவிட்டது. ஏழு டிகிரி ஏற்றம். பனிக்கட்டி இருந்த குடுவை உருகி அதே 40 டிகிரிக்கு வர எடுத்துக்கொண்ட நேரம் பத்தரை மணி. அதாவது 21 அரை மணிகள்.

பிளாக்கின் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் புரியும். ஒரே கூடம், ஒரே அளவுக் குடுவைகள். அரை மணிக்கு 7 டிகிரி அளவு வெப்பம் உள்ளே போகிறது என்றால், 21 அரை மணிகளில் 21 × 7 = 147 டிகிரி அளவு வெப்பம் போயிருக்கிறது. உருகிய தண்ணீர் 32-லிருந்து 40-க்கு ஏறியதற்கு 8 டிகிரி கழித்துவிடலாம். மீதி 139 டிகிரி அளவு வெப்பம் எங்கே போயிற்று? பனிக்கட்டிக்குள் போனது நிச்சயம். ஆனால் தெர்மாமீட்டரில் அது தெரியவே இல்லை.

அதோடு அவர் நிற்கவில்லை. வேறு வழியிலும் சரிபார்த்தார். 135 பங்கு எடையுள்ள தண்ணீரை 190 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் 119 பங்கு பனிக்கட்டியைப் போட்டார். பனி உருகிய பிறகு கலவை 53 டிகிரியில் நின்றது. கண்ணாடிப் பாத்திரம் இழந்த வெப்பத்துக்கு ஈடாகத் தண்ணீரின் எடையோடு 8 பங்கு சேர்த்துக்கொண்டார். ஆக, 143 பங்கு 137 டிகிரி இறங்கியிருக்கிறது. இரண்டையும் பெருக்கி 119-ஆல் வகுத்தால் சுமார் 164. அதில் உருகிய நீர் 32-லிருந்து 53-க்கு ஏறிய 21-ஐக் கழித்தால் 143.

இன்றைய மதிப்பு 144-க்குச் சற்றுக் குறைவு. கிராமுக்கு 80 கலோரி என்று நாம் மனப்பாடம் செய்தது இதையேதான். ஒரு தெர்மாமீட்டர், ஒரு தராசு, ஒரு கடிகாரம். இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நூற்றுக்கு ஒன்றுகூடப் பிசகாமல் கண்டுபிடித்திருக்கிறார்.

இந்த வெப்பத்துக்கு அவர் வைத்த பெயர் 'லேடன்ட் ஹீட்'. லத்தீனில் ஒளிந்திருப்பது என்று பொருள். நம் பாடநூல்களில் உள்ளுறை வெப்பம். இலங்கைப் பாடநூல்களில் மறை வெப்பம். பிளாக் வைத்த பெயரின் பொருளுக்கு இலங்கைச் சொல் இன்னும் நெருக்கமானது என்பது என் எண்ணம்.

அடுப்பும் கடிகாரமும்

அடுத்தது நீராவி. இங்கே அவருக்கு உதவியவர் பேராசிரியர் அல்ல, சாராயம் காய்ச்சும் தொழில் செய்தவர். அடுப்பு சீராக எரிந்தால் ஒரு மணிக்கு எத்தனை பைன்ட் சரக்கு இறங்கும் என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடியும் என்று அவர் சொன்னாராம். அப்படியானால் சீரான அடுப்பில் நேரத்தையே வெப்பத்தின் அளவாக எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

தட்டையான தகரப் பாத்திரத்தில் 50 டிகிரித் தண்ணீரை ஊற்றி, நன்றாகப் பழுத்த இரும்படுப்பின் மேல் வைத்தார். 4 நிமிடத்தில் கொதித்தது. முழுவதும் ஆவியாக இன்னும் 20 நிமிடம் ஆயிற்று. 50-லிருந்து 212 வரை 162 டிகிரி ஏற 4 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 40½ டிகிரி. 20 நிமிடத்துக்கு 810 டிகிரி. அவ்வளவு வெப்பமும் 212-ஐத் தாண்டாத நீராவிக்குள் ஒளிந்துகொண்டது. இன்றைய மதிப்பு 970. பனிக்கட்டிச் சோதனை அளவுக்கு இது துல்லியமில்லை. ஆனால் விஷயம் விளங்கிவிட்டது.

இத்தனையையும் கண்ட மனிதர் இதைப் பற்றி ஒரு கட்டுரைகூட அச்சிடவில்லை. 1762 ஏப்ரலில் பல்கலைக்கழகக் கழகம் ஒன்றில் வாசித்தார். பிறகு ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடமாகச் சொன்னார். அவ்வளவுதான். 1799-இல் அவர் மறைந்தார். மடியில் பால் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் பிரிந்தது, கிண்ணத்துப் பால் ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று நண்பர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவருடைய வகுப்புக் குறிப்புகளை ஜான் ராபிசன் தொகுத்துப் புத்தகமாக்கியது 1803-இல்தான். இதற்கிடையே ஸ்வீடனில் வில்க்கே என்பவர் 1772-இல் தனியாகவே உருகுதலின் வெப்பத்தைக் கண்டு வெளியிட்டுவிட்டார். அவர் கண்ட அளவு 72. பிளாக் இதற்காக யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

கருவி பழுது பார்த்தவர்

அதே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன அறையில் கருவிகள் செய்தும் பழுது பார்த்தும் பிழைத்துக்கொண்டிருந்தார் ஒரு இளைஞர். பெயர் ஜேம்ஸ் வாட். 1763-64 குளிர்காலத்தில், வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்த நியூகோமன் நீராவி எஞ்சினின் மாதிரி ஒன்று பழுதாகி அவரிடம் வந்தது. சரிசெய்து ஓட்டினால் சில அடிகள் அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. கொதிகலன் கொடுக்கும் நீராவி போதவில்லை.

நியூகோமன் எஞ்சினில் நீராவியைக் குளிர வைக்க, சிலிண்டருக்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். வாட் கவனித்தது என்னவென்றால், கொஞ்சம் நீராவி குளிர்ந்ததற்கு அந்த நீர் நம்ப முடியாத அளவு சூடாகியிருந்தது. அளந்து பார்த்தார். நீராவியான தண்ணீர், தன் எடையைப் போல் ஆறு மடங்கு கிணற்று நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது! வியப்போடு பிளாக்கிடம் போய்ச் சொன்னார். பிளாக், தான் சில காலமாக வகுப்பில் சொல்லிவரும் உள்ளுறை வெப்பத்தை அவருக்கு விளக்கினார்.

வாட் சொன்னதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கிணற்று நீர் 50 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 212 வரை 162. அதன் ஆறு மடங்கு 972. இன்றைய மதிப்பு 970 என்று மேலே சொன்னேனே!

1765-இல் வாட்டுக்கு வழி தோன்றியது. சிலிண்டரை எப்போதும் சூடாகவே வைத்திருப்பது, நீராவியை வேறொரு பாத்திரத்துக்கு இழுத்து அங்கே குளிர வைப்பது. 1769-இல் காப்புரிமை பெற்றார். பழைய எஞ்சினோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கின் விலையைக் கட்டணமாகக் கொடுங்கள் என்றே சுரங்க முதலாளிகளிடம் போல்டன்-வாட் நிறுவனம் வியாபாரம் பேசியது. வெப்பக் கணக்கு அப்படியே பணக் கணக்காயிற்று.

பிளாக்கின் தத்துவத்திலிருந்துதான் வாட்டின் எஞ்சின் பிறந்தது என்று ராபிசன் எழுதினார். பல நூல்களில் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் வாட் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பிளாக்கிடமிருந்து தாம் கற்றது, சரியாகச் சிந்திப்பதும் சரியாகச் சோதிப்பதும்தான். எஞ்சினின் குறையைத் தாமே கண்டேன் என்றார். அதே வாட், ஆரம்ப நாட்களில் பிளாக் கொடுத்த கடனையும் நட்பையும் கடைசிவரை மறக்கவில்லை. ஒரு ஆசிரியனுக்கு "சிந்திக்கக் கற்றுக்கொடுத்தார்" என்பதைவிடப் பெரிய பாராட்டு வேறென்ன வேண்டும்?

பாஸ்டனிலிருந்து வந்த பனிக்கட்டி

நம் ஊருக்கும் இந்தக் கணக்குக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் பிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் உறையும் குளங்களிலிருந்து பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றவர். 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பலில் 180 டன் பனிக்கட்டி கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, நான்கு மாதம் கழித்து செப்டம்பரில் வந்து சேர்ந்தபோது, ஏறத்தாழ 100 டன் பனிக்கட்டி உருகாமல் இருந்தது.

இது எப்படி முடிந்தது? வெப்பம் உள்ளே புகாதபடி சுற்றிலும் அடைத்துக் கட்டியது ஒரு காரணம். அடுத்த காரணம் நம் 334.

உருகிய 80 டன்னுக்குத் தேவையான வெப்பம் 80,000 × 334 = சுமார் 2 கோடியே 67 லட்சம் கிலோஜூல். நான்கு மாதத்தில் கப்பலின் அடித்தளத்துக்குள் புகுந்த வெப்பம் ஏறத்தாழ இவ்வளவு. இதே வெப்பம் 0 டிகிரியில் இருந்த 180 டன் வெறும் தண்ணீருக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 4.19-ஆலும் 1,80,000-ஆலும் வகுத்தால் 35 டிகிரி. அதாவது ஜில்லென்ற தண்ணீரை ஏற்றி அனுப்பியிருந்தால், கல்கத்தாவின் வெயிலில் வைத்த தண்ணீராகவே வந்து சேர்ந்திருக்கும். பனிக்கட்டியாக அனுப்பியதால், உருகிய 80 டன் அத்தனை வெப்பத்தையும் தான் வாங்கிக்கொண்டு, மீதி 100 டன்னைக் காப்பாற்றியது.

பிறகு சென்னைக்கும் பனிக்கட்டி வந்தது. இறக்கிச் சேமித்து வைக்க 1842 வாக்கில் மெரினா கடற்கரையோரம் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். அமெரிக்க எழுத்தாளர் தோரோ தமது 'வால்டன்' நூலில், தம் குளத்து நீரைச் சென்னை, பம்பாய், கல்கத்தா மக்கள் குடிப்பதைப் பற்றி எழுதியது இந்த வியாபாரத்தை வைத்துத்தான். இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் ஆலைகள் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டி போய் நூற்றைம்பது வருடமாகப் போகிறது. அந்தப் பகுதிக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

வெப்பம் எங்கே ஒளிகிறது?

வெப்பம் ஒரு பொருள், அது தண்ணீரோடு கலந்துவிடுகிறது என்றே பிளாக் நம்பினார். அந்தக் கொள்கை பின்னாளில் அடிபட்டுப் போயிற்று. இன்று நாம் சொல்வது வேறு. பனிக்கட்டியில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்தச் செலவாகும் ஆற்றல்தான் உருகுதலின் வெப்பம். பிடியை முற்றாக விடுவித்துப் பறக்கவிடச் செலவாவது ஆவியாதலின் வெப்பம். ஆகவேதான் இரண்டாவது, முதலாவதைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. கொள்கை மாறிவிட்டது, பிளாக்கின் அளவு மாறவில்லை.

இந்தப் பெரிய எண் நம் வீட்டில் எங்கும் இருக்கிறது. 5 கிலோ தண்ணீர் உள்ள மண்பானையிலிருந்து 100 கிராம் கசிந்து ஆவியானால், வெளிவெப்பம் உள்ளே வராதவரை, மீதித் தண்ணீர் 11 டிகிரிக்கு மேல் குளிர வேண்டும். இட்லிப் பானையில் மாவை வேக வைப்பது, அதன் மேல் படிந்து தண்ணீராகும் நீராவி விட்டுச்செல்லும் வெப்பம். கொதிநீர் பட்டதைவிட நீராவி பட்ட புண் கொடியதாக இருப்பதும் அதனால்தான். கோடையில் நம் உடம்பைக் காப்பது வியர்வை ஆவியாவது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. அதனால் சென்னையில் 36 டிகிரியிலேயே மயங்கி விழுகிறவர்கள் உண்டு. வயதானவர்கள் தெர்மாமீட்டர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அந்த நாட்களில் வெளியே கிளம்ப வேண்டாம்.

பேரன் பேத்திகள் விடுமுறைக்கு வந்தால் பிளாக்கின் அடுப்புச் சோதனையைச் செய்து காட்டுங்கள். அகலமான பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், கேஸ் அடுப்பு, கைக்கடிகாரம் போதும். தீயைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கொதிக்க எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கருகாமல் இருக்க, பாதி வற்றியதும் அணைத்துவிட்டு, கொதித்த நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். நம் ஊர்த் தண்ணீர் 30 டிகிரியில் தொடங்கும் என்பதால், கொதிக்க ஆன நேரத்தைப் போல் ஏழு, எட்டு மடங்கு வர வேண்டும். கொஞ்சம் முன்பின் வந்தால் கவலை வேண்டாம், பிளாக்குக்கும் 970-க்குப் பதில் 810-தான் வந்தது. உங்களுக்கு எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள்.